கைமாறிய ஆலைகளும் சிறு பீப்பாக்களும்

இங்கிலாந்தின் சிறு பியர் ஆலைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், தாடி வைத்த இளைஞர்கள் ரயில் பாலத்து வளைவுகளுக்குள் நேற்றுத் தொடங்கிய சங்கதி என்றே பலரும் நினைக்கிறார்கள். தொண்ணூறுகளில் தென் லண்டன் பப் ஒன்றின் நிலவறையில் பீப்பா உருட்டியவன் நான். அங்கே வந்து குடித்த பெரியவர்களிடம் கேட்டதும் பிறகு நானாகத் தேடிப் படித்ததும் வேறு கதை. வழி காட்டியவர்கள், பெரிய ஆலைகள் கைமாறியபோது வெளியே வந்த வயதான பிரூவர்கள்.

அன்று இங்கே பப் என்பது பெரும்பாலும் ஆலைக்குச் சொந்தமான கட்டடமாக இருந்தது. குத்தகைக்கு எடுத்தவர் அந்த ஆலையின் பியரைத்தான் விற்க வேண்டியிருந்தது. அறுபதுகளில் ஆலைகள் ஒன்றையொன்று விழுங்கி, கடைசியில் ஆறு கொம்பனிகள் கையில் நாட்டின் பெரும்பகுதி பியர் போய்ச் சேர்ந்தது: பாஸ் சாரிங்டன், அலைட், விட்பிரெட், வாட்னி மான், கரேஜ், ஸ்கொட்டிஷ் அண்ட் நியூகாசில். பப் கூடவே வந்ததால் ஊர் ஆலைகளை மூடுவது அவர்களுக்கு லாபம். அவர்கள் விரும்பியது கெக் பியர். வடிகட்டி, சூடாக்கி நுண்ணுயிரைக் கொன்று, வாயு அழுத்தத்தில் குழாய்க்கு ஏற்றுவார்கள். கெட்டுப்போகாது, கவனிக்க ஆளும் தேவையில்லை. வாட்னியின் ரெட் பாரல் அதில் பேர்போனது.

பழைய முறைப் பியர் பீப்பாவுக்குள் இன்னும் உயிரோடிருக்கும். ஃபேர்கின் எனப்படும் 9 கலன் பீப்பாவில் 72 பைண்ட். மரத்தாங்கியில் படுக்கவைத்து, அசையாமல் ஆப்பு வைப்போம். பிறகு மேல்துளையில் காற்றுக் கசியும் மென்மரமுளை ஒன்றைச் சுத்தியலால் இறக்கினால் நுரை பொங்கி வரும். பொங்கல் அடங்கியதும் அதைப் பிடுங்கிவிட்டுக் கடினமுளை. மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை ஈஸ்ட்டை அடியில் இழுத்துக்கொண்டு படியும்வரை தொடக்கூடாது. குழாயை ஒரே அடியில் இறக்க வேண்டும். தயங்கினால் கூரைவரை பியர். நிலவறை 12 பாகையில் இருக்கும். குழாய் இறங்கிவிட்டால் மூன்று நாளுக்குள் விற்றாக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, “என்ன மருமோன், உங்கட பிறிட்ஜ் பழுதோ?” என்றார். வைத்திருந்தால் புளித்துவிடும் என்று சொன்னதும் அவருக்கு விளங்கிவிட்டது: “அப்ப இது கள்ளு மாதிரி.”

1971இல் மூன்று பத்திரிகைக்காரர்களும் பியர் ஆலை அலுவலக ஊழியர் ஒருவரும் அயர்லாந்தின் கெரி மாவட்டத்துக்கு விடுமுறைக்குப் போன இடத்தில், டன்குவின் ஊர் மதுச்சாலையில் உட்கார்ந்து, இந்தப் பழைய முறைப் பியரைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று காம்ரா என்று எல்லோருக்கும் தெரிந்த சங்கம் அதுதான். 1974ஆம் ஆண்டின் அவர்களது பியர் கையேட்டில் வாட்னியைப் பற்றி எழுதிய வரி அச்சகத்தையே பயமுறுத்தி, திருத்தவைத்தது. காம்ராவை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவர்கள் குடிப்பவர்கள். காய்ச்சுபவர்கள் வேறு இடத்திலிருந்து வரவேண்டியிருந்தது. அந்த நேரம் தானே காய்ச்சி விற்கும் பழைய பப்கள் நாடு முழுவதும் நான்குதான் மிஞ்சியிருந்தன. கோர்ன்வாலின் ஹெல்ஸ்டனில் உள்ள புளூ ஆங்கர் அதில் ஒன்று.

நோர்தாம்ப்டனில் ஃபிப்ஸ் என்ற பழைய ஆலையை வாட்னி வாங்கியிருந்தது. அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் கார்ல்ஸ்பெர்க்கின் லாகர் ஆலை எழுந்தது. ஃபிப்ஸில் தலைமை பிரூவராக இருந்தவர் பில் எர்க்வார்ட். அவர் 1974இல் லிட்ச்பரோ என்ற கிராமத்துப் பண்ணைக் கட்டடமொன்றில் தானே காய்ச்சத் தொடங்கினார். பீட்டர் ஆஸ்டின் என்பவர் ஹல் ஆலை கைமாறிய பிறகு வெளியே வந்தவர். முதலில், மொண்டி பைதன் நகைச்சுவைக் குழுவின் டெரி ஜோன்ஸ் பங்காளியாக இருந்த பென்ரோஸ் ஆலையை 1977இல் அமைத்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஹாம்ப்ஷயரில் தன் சொந்த ரிங்வுட் ஆலை. ஆஸ்டினின் பெரிய காரியம் அவருடைய பியர் என்று நான் சொல்லமாட்டேன். சின்ன இடத்தில், கைக்கெட்டிய செலவில் ஓர் ஆலையைப் பூட்டி இயக்கலாம் என்பதை ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டினார், பிறகு அமெரிக்காவிலும். பால்பண்ணைகள் கழித்த எஃகுத் தொட்டிகள் பல இடங்களில் இந்தத் தொழிலுக்கு வந்தது அந்தக் காலத்தில்தான்.

காய்ச்சினாலும் விற்க பப் வேண்டுமே. 1989இல் அரசு ஒரு கட்டளை போட்டது. 2000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் ஆலைகள் அந்த மிச்சத்தில் பாதியைக் கட்டுப்பாட்டிலிருந்து விடவேண்டும். குத்தகைக்காரர் வெளியார் காஸ்க் பியர், அதாவது பழைய முறைப் பீப்பாப் பியர், ஒன்றையும் வாங்கலாம். எங்கள் நிலவறைக்குள் முன்பின் தெரியாத ஊர்ப் பெயர் எழுதிய பீப்பாக்கள் இறங்கியது அப்படித்தான். கட்டளை கோணலாகவும் வேலை செய்தது. கொம்பனிகள் பப்களைச் சொத்து வியாபாரிகளிடம் தள்ளின. 2000இல் விட்பிரெட்டும் பாஸும் காய்ச்சும் தொழிலையே பெல்ஜியத்து இன்டர்பிரூவுக்கு விற்றுவிட்டன. 2002இல் கோர்டன் பிரவுன் நிதியமைச்சராக இருந்தபோது, ஆண்டுக்கு 5 இலட்சம் லீற்றர் வரை காய்ச்சும் ஆலைக்குத் தீர்வை பாதியாயிற்று. தாடிக்காரர்கள் பெருமளவில் வந்தது அதற்குப் பிறகு: 2007இல் ஸ்கொட்லாந்தின் ஃபிரேசர்பரோவில் பிரூடாக், 2009இல் பெர்மண்ட்சியில் கேர்னல். 2012இல் ஆலைகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கொம்பனிக் கப்பல்கள் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் ஏற்றிப்போன வெளிர்நிறப் பியரின் பெயரை இந்தத் தாடிக்காரர்கள் தூசிதட்டி எடுத்தார்கள். ஆனால் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்று இன்று கிடைப்பதில் அமெரிக்க ஹொப் பூவின் வாசம் தூக்கலாக இருக்கிறது. அந்தப் பியரை அன்று காய்ச்சி அனுப்பிய ஹொட்சனின் போ ஆலைக்காரர்களுக்கு அடையாளம் தெரியாது.

விழுங்கல் நிற்கவில்லை. 2015இல் புது ஆலைகளில் மீன்டைம் எஸ்ஏபிமில்லர் என்ற பெருங்கொம்பனியிடமும் காம்டன் டவுன் ஏபி இன்பெவ் என்ற பெருங்கொம்பனியிடமும் போயின. ரிங்வுட்டை 2007இல் மார்ஸ்டன்ஸ் வாங்கியது. பின்பு மார்ஸ்டன்ஸும் கார்ல்ஸ்பெர்க்கும் சேர்ந்த கொம்பனி 2024இல் அதை மூடியது.

என் ஆற்றாமை இன்னொன்று. புது ஆலைகளில் பல கெக்கில்தான் அடைக்கின்றன. சூடாக்காத நல்ல பியர்தான், மறுக்கவில்லை. ஆனால் குளிர் அறையில் கெக்கை வைத்து, சுவரிலிருந்து நீளும் குழாய்களால் ஊற்றும் அந்த இடங்களில் முளை மாற்றவும் ஆப்பு வைக்கவும் ஆள் தேவையில்லை. காம்ராவும் 2018இல் கெக்குக்கு இடம் விடுவதா என்று வாக்கெடுத்தது. வேண்டிய 75 வீதம் கிடைக்காமல் மயிரிழையில் தோற்றது. நான் உறுப்பினராக இருந்திருந்தால் எதிர்த்துத்தான் வாக்களித்திருப்பேன்.