வீடு திரும்பும் விழா

நம் மொழியில் 'வீடு' என்னும் ஒரே சொல், மனிதன் குடியிருக்கும் இல்லத்தையும் குறிக்கிறது. தளைகள் யாவும் அற்று ஆத்மா எய்தும் விடுதலையையும் குறிக்கிறது. இவ்விரண்டு பொருளையும் ஒருசேர உணர்ந்தவருக்கு, அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள் தங்கள் திருச்சபைகளில் நடத்தும் இறுதி ஆராதனைக்கு 'ஹோம்கோயிங்', அதாவது வீடு திரும்புதல், என்று பெயரிட்டிருப்பதன் ஆழம் எளிதில் விளங்கும். சவப்பெட்டி வைத்திருக்கும் மண்டபத்தில் கைதட்டலும், ஆர்கன் முழக்கமும், பாடகர் குழுவின் ஆனந்த கோஷமும் எழுவதைக் கேட்டுப் புதிதாய் வந்தவர், இம்மக்களுக்குத் துக்கமே தெரியாதோ என்று ஐயுறக்கூடும். துக்கத்தை இவர்கள் அளவுக்கு அறிந்த ஜனசமூகங்கள் உலகில் வெகு சில. துக்கங்கொண்டாடும் உரிமையே மறுக்கப்பட்ட ஒரு கூட்டம், அந்த உரிமையைச் சிறுகச் சிறுக மீட்டுக்கொண்ட சரித்திரமே இந்த ஆனந்தத்தின் அடியில் கிடக்கிறது.

ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவர்களில் ஒருவர் இறந்தால், சவத்தைச் சுற்றிக் கூடும் கூட்டம் எங்கே கலகத்துக்குச் சதி செய்துவிடுமோ என்று எஜமானர்கள் அஞ்சினார்கள். 1687-இல் வர்ஜீனியாவில் ஒரு சதி வெளிப்பட்டதாகச் சொல்லி, அடிமைகள் பலரறியச் சவ அடக்கம் நடத்துவதையே அங்கிருந்த ஆட்சிமன்றம் தடை செய்தது. நியூயார்க் நகரில் 1722-இல் எழுந்த சட்டம், அடிமைகளின் சடலங்களைப் பகல் வெளிச்சத்திலேயே புதைத்துவிட வேண்டும் என்றது. 1731-இல் வந்த சட்டம், சுமப்போரும் குழிவெட்டுவோரும் நீங்கலாக 12 அடிமைகளுக்கு மேல் கூடலாகாது என்று வரையறுத்ததோடு, பெட்டியின்மேல் துணி போர்த்துவதையும் விலக்கியது. இறந்தவனுக்குப் போர்த்தும் ஒரு முழத் துணிக்கும் சட்டம் போட்ட கொடுமையை என்னென்பது!

தெற்கே, பருத்தியும் நெல்லும் விளைந்த தோட்டங்களில், பகல் முழுதும் எஜமானனுடைய வேலைக்கு உரியதாயிருந்தபடியால், இரவு ஒன்றே அவர்களுடையதாக மிஞ்சியது. பைன் மரச் சுளுந்துகளைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பாட மற்றவர் ஏற்றுப் பாட, மரங்களுக்கிடையே ஊர்வலமாகச் சென்று தம்மவரை மண்ணுக்குள் வைத்துவிட்டு, விடிவதற்குள் குடிசைக்குத் திரும்பி, மறுபடியும் வயலில் இறங்கினார்கள். உடலைப் புதைப்பது உடனே நிகழ்ந்தாலும், அதற்குரிய பிரசங்கம், போதகர் கிடைத்து எஜமானனும் இசையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரையில், சில வேளை பல மாதங்கள்கூடக் காத்திருக்க நேர்ந்தது. 1831-இல் நாட் டர்னர் என்னும் அடிமைப் போதகர் கிளர்ச்சி செய்து மடிந்த பிறகோ, கறுப்பர் பிரசங்கம் செய்வதையே வர்ஜீனியச் சட்டம் தடுத்தது. தென் கரோலினா, ஜார்ஜியாக் கடலோரங்களில் கல்லறைமேல் வெண்சங்குகளை வைத்ததோடு, இறந்தவர் கடைசியாகப் பயன்படுத்திய கோப்பை, தட்டு முதலியவற்றை உடைத்தும் வைத்தார்கள். பாத்திரம் உடையாவிட்டால் சாவின் சங்கிலி அறாமல் வீட்டிலுள்ள அடுத்தவரையும் இழுத்துச் செல்லும் என்பது அவர்கள் கொண்டிருந்த நம்பிக்கை.

இறந்தவரின் ஆத்மா கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்கே திரும்பிவிடும் என்று முதல் தலைமுறையினரில் பலர் நம்பினர். வேதாகமத்தைச் செவியுற்ற பின்னோருக்கு அந்த வீடு, யோர்தான் நதிக்கு அப்பால் உள்ள பரலோகமாயிற்று. எப்படியாயினும், எந்த எஜமானனாலும் பின்தொடர முடியாத ஒரே பிரயாணம் அது. ஆதலால், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கதறி அழுத அதே நாவினால் தோத்திரமும் பாடினாள் என்றால், அவ்விரண்டில் எதையும் பொய்யென்று கொள்வதற்கில்லை.

இந்தச் சரித்திரத்துக்கு மண்ணே சாட்சி கூறிய நாளும் வந்தது. 1991-இல், கீழ் மன்ஹாட்டனில் அரசாங்கக் கட்டடம் ஒன்றுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது, நியூயார்க் அடிமைகளின் பழைய புதைகாடு வெளிப்பட்டது. 400-க்கும் மேற்பட்டவர்களுடைய எலும்புகள் எடுக்கப்பட்டன. புதையுண்டோரின் மொத்தத் தொகை 15,000 வரை இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பீடு. பெரும்பாலோர் மேற்கே தலைவைத்துப் படுத்திருந்தார்கள். அவர்களிடையே குழந்தைகள் ஏராளம். ஒரு பெண்ணின் இடையைச் சுற்றி மணிகள் கோத்த மாலை இருந்தது. ஒரு பெட்டியின் மூடியில், சிறு ஆணிகளை வரிசையாக அடித்து யாரோ இருதயம் போன்றதோர் உருவத்தை அமைத்திருந்தார்கள். 12 பேர்க்கு மேல் கூடலாகாதென்ற ஊரில், அவ்வளவு பொறுமையோடு ஆணி அடித்த அந்தக் கையை நினைக்கும்போது என் நெஞ்சு கனக்கிறது. 2003-இல் அவ்வெலும்புகள், ஆப்பிரிக்காவில் செதுக்கிய மரப்பெட்டிகளில் வைத்து, அதே மண்ணில் மரியாதையோடு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன.

கௌரவமாக அடக்கம் பெறுவதற்கு இம்மக்கள் காசு சேர்த்த வரலாறும் பழையது. 1787-இல் ரிச்சர்டு ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் பிலடெல்பியாவில் நிறுவிய சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம் விதவைகளையும் நோயாளிகளையும் ஆதரித்தது. இத்தகைய சங்கங்கள், மாதச் சந்தா செலுத்திய அங்கத்தினருக்குச் சவ அடக்கத்தை உறுதி செய்தன. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பின்னரும், வெள்ளையர் நடத்திய சவ அடக்கக் கடைகள் கறுப்பர் சடலத்தைத் தொட மறுத்தன, அல்லது இழிவாக நடத்தின. அதனால் சடலத்தைப் பேணி அடக்கம் செய்யும் தொழில் கறுப்பர் கைக்கே வந்து, வெள்ளை முதலாளியின் தயவை எதிர்பாராத செல்வர் வகுப்பு ஒன்றை ஊர்தோறும் உண்டாக்கிற்று. கோடைக்காலத்தில் திருச்சபையில் கையில் பிடிக்கும் காகித விசிறிகளில் அவர்கள் கடைப் பெயர் அச்சிடப்பட்டிருக்கும்.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் இவ்வழக்கம் வீதிக்கே வந்துவிட்டது. கல்லறைக்குப் போகும்போது பித்தளை வாத்தியக்காரர் மெல்ல அடிவைத்துச் சோக கீதம் வாசிப்பர். சிறு முரசின் அடியிலுள்ள நரம்புகளைத் தளர்த்தி அதன் ஒலியை மங்கச் செய்திருப்பர். உடலுக்கு விடைகொடுத்த பின்னர் நரம்புகள் மீண்டும் இறுகும், முரசு அதிரும், குடையும் கைக்குட்டையும் சுழற்றிக்கொண்டு ஊரே பின்னால் ஆடி வரும்.

இச்சடங்குகளில் மிகுதியாகப் பாடப்படும் கீதங்களில் ஒன்று ஒரு தனி மனிதனின் துயரத்தில் பிறந்தது. 1932-இல் இசைஞர் தாமஸ் டார்சி செயிண்ட் லூயிஸ் நகரில் ஜபக்கூட்டத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது, சிக்காகோவில் அவர் மனைவி பிரசவத்தில் இறந்ததாகத் தந்தி வந்தது, குழந்தையும் தங்கவில்லை. அப்போது அவர் இயற்றிய 'டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்' என்னும் பாட்டு மார்ட்டின் லூதர் கிங்குக்கு மிகவும் உகந்தது. சுடப்படுவதற்குச் சற்று முன்புகூட, அன்றிரவுக் கூட்டத்தில் அதை வாசிக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். 1968 ஏப்ரல் 9-ஆம் நாள், கோவேறு கழுதைகள் பூட்டிய எளிய வண்டி அட்லாண்டா வீதிகளில் அவருடலைச் சுமந்து சென்றது. அன்று அந்தப் பாட்டைப் பாடியவர் பாடகி மஹாலியா ஜாக்சன். 1972-இல் மஹாலியா மறைந்தபோது அரீத்தா பிராங்க்ளின் அதே பாட்டைப் பாடி வழியனுப்பினார். 2018-இல் அரீத்தாவுக்கு டெட்ராய்ட்டில் நடந்த ஆராதனையோ ஏறக்குறைய எட்டு மணி நேரம் நீண்டது.

ஆனந்தம் கொள்ள இயலாத சாவுகளும் உண்டு. 1955-இல் மிசிசிப்பியில் கொலையுண்ட 14 வயதுச் சிறுவன் எம்மட் டில்லின் தாய் மேமி, சிதைந்த முகத்தை மூடாமல் சிக்காகோ திருச்சபையில் பெட்டியைத் திறந்தே வைத்தார். பல்லாயிரம் பேர் அதைக் கண்டு கடந்து சென்றார்கள். வீடு திரும்பும் மகனை உலகம் பார்த்தே ஆகவேண்டும் என்பது அந்தத் தாயின் தீர்மானம்.

இன்றும் சாதாரண மனிதர் ஒருவருக்கு நடக்கும் ஆராதனையில், வெண்கையுறை அணிந்தவர்கள் வழிகாட்ட, மயங்கி விழுவோரைத் தாங்க வெள்ளுடைத் தாதியர் நிற்க, படங்களோடு அச்சிட்ட சிறு புத்தகம் ஒன்று ஒவ்வொருவர் கையிலும் தரப்படுகிறது. பிறந்த நாளைச் சூரியோதயம் என்றும், இறந்த நாளை அஸ்தமனம் என்றும் அதில் குறிப்பது வழக்கம். பல குடும்பங்கள் அதை வேதாகமத்துக்குள் வைத்துப் பாதுகாக்கின்றன. 1850, 1860-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குகள் எஜமானனுடைய பெயரை எழுதி, அவனுக்குக் கீழே அடிமைகளை வயது, பால், நிறம் என்று மாத்திரமே குறித்துச் சென்றன. பெயர் எழுதப்பட்டவர் மிகச் சிலர். அவர்களுடைய சந்ததியார் கூடிய மண்டபத்தில் இப்போது ஒரு பெண் எழுந்து நின்று அந்தப் புத்தகத்தைப் பிரித்து, இறந்தவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள், பேரர், பேரரின் மக்கள் என்று ஒருவரையும் விடாமல் பெயர் பெயராக வாசிக்கிறாள். ஒவ்வொரு பெயருக்கும் பெஞ்சுகளிலிருந்து 'ஆமென்' எழுகிறது.