பீதியின் சரித்திரம் – 7: நர்ஸ் கண்ட குணம்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியா நகரத்து டர்னர்ஸ் லேன் ராணுவ ஆஸ்பத்திரியில், இருதயம் தடதடவென்று அடித்துக்கொள்கிறது, மார்பு வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று முறையிட்ட சிப்பாய்கள் முந்நூறு பேருக்கு அதிகமானோரை ஆராய்ந்து, ஜேக்கப் மெண்டஸ் டா கோஸ்டா என்னும் வைத்தியர் 1871-இல் வெளியிட்ட கட்டுரையைச் சென்ற இதழில் கண்டோம். காய்ச்சலிலோ பேதியிலோ படுத்தெழுந்து படைக்குத் திரும்பியவன், தோழர்களோடு ஈடுகொடுத்து நடக்கமாட்டாமல் தலைசுற்றி நின்றுவிடுவான். அதுவரை பொருட்படுத்தாமல் சுமந்த மூட்டையும் வார்களும் அவன் மார்பை அழுத்தும். டா கோஸ்டா இதனை இருதயத்தின் கோளாறாகவே கொண்டு, ஓய்வும் டிஜிடாலிஸும் கொடுத்துப் பார்த்தார்.

இருதயத்தைவிட்டு மனத்தை நோக்கித் திரும்பியவர்களுள் முக்கியமானவர் வியன்னாவின் ஸிக்மண்ட் பிராய்டு. அதுகாலை வைத்தியர்கள் விளங்காத வியாதிகளையெல்லாம் போட்டு அடைத்த மூட்டையாக இருந்த நரம்புத் தளர்ச்சியிலிருந்து, கவலை நோயை 1895-இல் அவர் தனியே பிரித்தெடுத்தார்; திடீரென்று நேரும் படபடப்பையும் வியர்வையையும் மூச்சுத் திணறலையும் அவர் வர்ணித்திருக்கும் நேர்த்தி இன்றும் பிசகாமல் நிற்கிறது. பாலுணர்ச்சி வடிகாலின்றித் தேங்குவதே அதற்கு மூலம் என்று அவர் சொன்னதை எல்லோரும் ஏற்றார்களில்லை. எப்படியாயினும், நாள் முழுதும் அரிக்கும் விசாரமும் நொடியில் வந்து தாக்கும் பீதியும் ஒரே வியாதியின் சிறிய, பெரிய வடிவங்களே என்ற எண்ணம் அறுபது ஆண்டுக்கு மேல் அசையாதிருந்தது.

அதனை அசைத்தவர் நியூயார்க்கில் ஹில்சைடு ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டொனால்டு கிளைன் என்னும் இளம் வைத்தியர். சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் மனச்சோர்வுக்குப் பயன்படக் கண்ட இமிப்ரமின் என்ற ஔஷதம் 1959-இல் அவர் கைக்கு வந்தது. அது எந்த வியாதிக்கு உதவும், எதற்கு உதவாது என்பது எவருக்கும் நிச்சயமாகத் தெரியாத காலமாதலால், பலவகை நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள்.

அவர்களுள் சிலர், மாதக்கணக்காக உரையாடல் சிகிச்சை பெற்றும், வேறு மருந்துகள் உண்டும் பயன் காணாதவர்கள். திடுமென நெஞ்சு படபடக்க, கால் துவள, "செத்துக்கொண்டிருக்கிறேன்" என்று அலறியவாறு நாளைக்குப் பலமுறை நர்ஸின் மேஜையை நோக்கி ஓடிவருவார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்வாள். சிறிது நேரத்தில் தாக்குதல் தணிந்துவிடும். இமிப்ரமின் கொடுத்துச் சில வாரங்கள் சென்றன. குணமுண்டா என்று கேட்டால் நோயாளி இல்லை என்றான். அவனுக்குச் சிகிச்சை செய்த டாக்டரும் இல்லை என்றார். நர்ஸ் மட்டும் உண்டென்றாள்: அவன் இப்போதெல்லாம் மேஜைக்கு ஓடிவருவதேயில்லை! மனத்தின் ஆழங்களை அளக்கக் கற்ற நிபுணர்கள் தவறவிட்ட உண்மை, வார்டில் யார் எத்தனை தடவை வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவள் கண்ணில் பட்டதை, வைத்திய சாஸ்திரத்தின் பெருமைகளுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

நோயாளி பொய் சொல்லவில்லை. தாக்குதல் நின்றும், அடுத்தது எப்போது வருமோ என்ற அச்சம் அவனை விட்டு அகலாதிருந்ததால், துணையின்றித் தெருவில் இறங்க அவன் மறுத்தான். தான் சற்றும் தேறவில்லை என்றே நம்பினான். ஒரே ஔஷதம் ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடாது விட்டதிலிருந்துதான், பீதி வேறு, முன்கூட்டியே அஞ்சும் கவலை வேறு என்று கிளைன் அனுமானித்தார். சக வைத்தியர் மாக்ஸ் பிங்குடன் சேர்ந்து 1962-இலும், தனியே 1964-இலும் அவர் இதை எழுதியபோது, மருந்தைக் கொண்டு வியாதியைப் பாகுபடுத்துவது தலைகீழான தர்க்கம் என்று கருதியவர்கள் பலர். ஆட்சேபம் முற்றிலும் அர்த்தமற்றதன்று. தலைவலி மாத்திரைக்குக் காய்ச்சலும் தணிகிறது என்பதற்காக இரண்டும் ஒரே நோயாகிவிடா. ஆயினும் 1980-இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் தன் நோய்ப் பட்டியலின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது, பழைய கவலை நோயைப் பிளந்து, பீதி நோய்க்குத் தனி இடம் அளித்தது.

இமிப்ரமின் தொடாது விட்ட அந்த அச்சத்தை, பழக்கத்தால் படிப்படியாகக் கரைக்க முடியுமென்று தென்னாப்பிரிக்காவில் பூனைகளை வைத்துப் பரிசோதித்து ஜோசப் வோல்ப் 1958-இலேயே ஒரு நூல் எழுதியிருந்தார். அவருடைய பூனைகளை அடுத்த இதழில் பார்ப்போம்.