வாடிக்கையாளரின் கண்ணும் முக்காடும்: அச்பிட்டா தீர்ப்பின் 43ஆம் பத்தி ஒரு மறுவாசிப்பு

முஸ்லிம் பெண்களின் வேலையுரிமை குறித்து எழுதுவோர், அச்பிட்டா வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 மார்ச் 14 அன்று அளித்த தீர்ப்பை மதச் சுதந்திரத்துக்கும் தொழில் நடத்தும் சுதந்திரத்துக்கும் இடையிலான வழக்காகவே வாசித்து வந்துள்ளனர். விளம்பரங்களில் முக்காடிட்ட பெண்ணின் உருவத்தை ஆராய்வோரோ அத்தீர்ப்பைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அது சட்டத்துறையாரின் எல்லைக்குள் அடங்கும் என்று விட்டுவிடுகின்றனர். இந்தப் பங்கீடு முக்கியமான ஒன்றை மறைத்துவிட்டது என்பது என் வாதம். அச்பிட்டா, அடிப்படையில், விளம்பரம் பற்றிய தீர்ப்பு. ஊழியரின் தோற்றத்தைத் தன் விளம்பரப் பரப்பாக ஆள ஒரு நிறுவனத்துக்கு எவ்வளவு தூரம் உரிமை உண்டு என்ற கேள்விக்கு அது விடை சொல்கிறது. அந்த விடை முழுதாக வெளிப்படும் இடம், தீர்ப்பின் கடுமையைத் தணிக்கிறது என்று முந்தைய ஆய்வுமரபு வரவேற்ற 43ஆம் பத்தியே.

அந்தப் பத்தி சொல்வது இது. முக்காட்டைக் கழற்ற மறுத்த ஊழியரை வேலையிலிருந்து நீக்குவதற்குப் பதில், வாடிக்கையாளர்களோடு பார்வைத் தொடர்பு இல்லாத வேறொரு பணியை அவருக்குத் தர முடிந்திருக்குமா என்று உள்நாட்டு நீதிமன்றம் ஆராய வேண்டும். ஆனால் அதற்காக நிறுவனம் கூடுதல் சுமை எதையும் ஏற்கத் தேவையில்லை. பணிநீக்கத்துக்கு முன் ஒரு மாற்றுவழியைத் தேடச் சொல்வதால் இது ஊழியருக்குக் கிடைத்த பாதுகாப்பு என்று வாசிக்கப்பட்டது. பத்தியைத் தனியே எடுத்துப் படித்தால் அப்படித் தோன்றுவது இயல்புதான். வழக்கின் உண்மைகளோடும் அதற்கு முந்தைய பத்திகளோடும் சேர்த்துப் படிக்கும்போது அந்த வாசிப்பு நிற்கவில்லை.

சமிரா அச்பிட்டா 2003 பிப்ரவரி 12இல் பெல்ஜியத்தில் ஜி ஃபோர் எஸ் நிறுவனத்தில் வரவேற்பாளராகச் சேர்ந்தார். அந்நிறுவனம் அரசு, தனியார் அமைப்புகளுக்கு வரவேற்புப் பணியை ஒப்பந்த அடிப்படையில் வழங்கியது. மத அடையாளங்களை அணியக் கூடாது என்ற விதி அப்போது எழுத்தில் இல்லை. முக்காடு அணியப் போவதாக 2006 ஏப்ரலில் அவர் மேலாளர்களிடம் தெரிவித்தார். மே 29இல் நிறுவனத்தின் பணிக்குழு விதித்திருத்தத்துக்கு ஒப்புதல் அளித்தது. திருத்தம் ஜூன் 13 முதல் நடைமுறைக்கு வரும் என்று குறிக்கப்பட்டது. ஜூன் 12இல் அவர் நீக்கப்பட்டார். எழுதப்பட்ட விதி உயிர்பெறுவதற்கு ஒருநாள் முன்பே அந்த விதியின்படி தண்டனை நிறைவேறிவிட்டது. தீர்ப்பை ஆதரிப்போர் இந்தத் தேதிகளைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எழுதப்படாத விதி முன்பே இருந்தது என்பார்கள். எனக்கு அது போதிய விடையாகப் படவில்லை. ஒரு பெண் தலையில் துணி போடப்போகிறேன் என்று சொன்ன பின்னரே அந்த விதிக்கு எழுத்துவடிவம் தேவைப்பட்டது என்பதை ஆவணமே காட்டுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜி ஃபோர் எஸ் விற்றது வரவேற்பையே. அச்பிட்டா பிறர் அலுவலக வாசலில் அமர்ந்து முகம் காட்டுவதுதான் அந்நிறுவனம் விலைபேசிய சேவை. ஆகவே அவருடைய தோற்றம் நிறுவனத்தின் பண்டம், விளம்பரம் இரண்டுமாக இருந்தது. நீதிமன்றத்தின் 38ஆம் பத்தி இதைத்தான் ஏற்கிறது: வாடிக்கையாளருக்கு நடுநிலையான தோற்றத்தைக் காட்ட விரும்புவது, ஒன்றியத்தின் அடிப்படை உரிமைச் சாசனத்தின் 16ஆம் பிரிவு தரும் தொழில் நடத்தும் சுதந்திரத்தைச் சேர்ந்தது, வாடிக்கையாளரைச் சந்திக்கும் ஊழியர்களுக்கு மட்டும் அந்தத் தடை பொருந்துமானால் அந்த நோக்கம் நியாயமானது. அதே வரம்புக்குள் நின்றால் தடை கண்டிப்பாகத் தேவையானது என்று கருதலாம் என்கிறது 42ஆம் பத்தி. இந்த வரிசையில்தான் 43 வருகிறது. வாடிக்கையாளர் பார்க்கும் இடம் நிறுவனத்தின் முகப்பு, பார்க்காத இடம் பின்னறை என்று வேலையிடத்தை இரண்டாகப் பிரிக்கும் ஏற்பாட்டின் கடைசிக் கட்டம் அது.

அந்தப் பத்தியில் என் கவனத்தை முதலில் ஈர்ப்பது, தொடர்பு என்று பொதுவாகச் சொல்லாமல் பார்வைத் தொடர்பு என்று அது வரையறுப்பது. தொலைபேசியில் அவர் வாடிக்கையாளரோடு நாள் முழுதும் பேசலாம், கணக்குப் பார்க்கலாம், கடிதம் எழுதலாம். அவரது திறமையிலோ நம்பகத்தன்மையிலோ நடத்தையிலோ நீதிமன்றம் குறை காணவில்லை. அவர் கண்ணில் படுவது ஒன்றே சிக்கல். கண்ணில் படுவதை மட்டும் ஆள்கிற விதியை விளம்பர விதி என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது? அடுத்தது, கூடுதல் சுமை வேண்டாம் என்ற நிபந்தனை. பின்னறையில் காலியிடம் இருந்தால் பிழைப்பு, இல்லையேல் வீடு. அந்த இடமாற்றத்தால் ஊழியர் இழக்கும் ஊதியம், பதவி உயர்வு, அனுபவம் ஆகியவை பற்றிப் பத்தி ஒரு சொல்லும் பேசவில்லை. சுமை என்பது நிறுவனத்தின் பக்கத்தில் மட்டும் அளக்கப்படுகிறது. பாதுகாப்பு என்று பெயரிட்ட ஆய்வாளர்கள் இந்த ஒருதலை அளவையைக் கணக்கில் எடுக்கவில்லை.

அதே நாளில் வந்த பூக்னாவி தீர்ப்போடு அச்பிட்டா முரண்படுகிறது என்பது பலரும் சொல்லும் குறை. பிரான்ஸில் மைக்ரோபோல் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரை, அடுத்த முறை முக்காடு வேண்டாம் என்று வாடிக்கையாளர் கேட்டதற்காக நீக்கினார்கள். வாடிக்கையாளரின் விருப்பம் அந்தத் தொழிலுக்கு இன்றியமையாத தகுதி ஆகாது என்றது நீதிமன்றம். ஒருநாளில் வாடிக்கையாளரின் வாயை மூடி, அவர் கண்ணுக்கு மட்டும் மதிப்புக் கொடுத்துவிட்டார்கள் என்ற விமர்சனம் புரிகிறது. ஆயினும் இவற்றை முரண் என்று கொள்ளாமல் ஒரே தர்க்கமாகக் கொள்ளலாம் என்பது என் துணிபு. விளம்பரம் செய்பவர் யாரும் புகார் வரும்வரை காத்திருப்பதில்லை. பார்ப்பவரின் மனநிலையை முன்கூட்டியே ஊகித்துத் தோற்றத்தை அமைக்கிறார். பூக்னாவியில் இல்லாதது அந்த ஊகத்தைப் பொதுக் கொள்கையாக எழுதிவைத்த ஆவணம். எழுதிவைத்தால் செல்லும், எழுதாமல் பணிந்தால் செல்லாது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதே கேள்வி இன்னும் வெளிப்படையாக எழுந்தது. ஆபர்கிராம்பி அன்ட் ஃபிட்ச் துணிக்கடைகள் தம் விற்பனைப் பணியாளர்களை மாடல்கள் என்றே அழைத்தன. அவர்களுக்கெனத் தோற்றக் கொள்கை ஒன்று இருந்தது. 2008இல் ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் வேலை கேட்டுவந்த சமந்தா எலாஃப் என்ற 17 வயதுப் பெண் நேர்காணலில் தேறினார். முக்காடு கொள்கைக்கு ஒவ்வாது என்று மேலதிகாரி சொன்னபின் அவருக்கு வேலை மறுக்கப்பட்டது. 2015 ஜூன் 1இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நீதிபதி ஸ்காலியா எழுதிய தீர்ப்பில், அவர் பக்கம் நின்றது. மத நடைமுறைக்கு வெறும் நடுநிலை போதாது, அதற்குச் சட்டம் முன்னுரிமையே தருகிறது என்பது அத்தீர்ப்பின் முதுகெலும்பு. அமெரிக்க முன்னுரிமையையும் ஐரோப்பிய நடுநிலையையும் எதிர்நிறுத்தி நிறைய எழுதப்பட்டுள்ளது. அதை இங்கே திரும்பச் சொல்லவில்லை. நான் சுட்ட விரும்புவது அதே நிறுவனத்தின் ஹாலிஸ்டர் கடையில் நடந்ததை. கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோவில், பெரும்பாலும் சரக்கறையில் வேலைபார்த்த ஒரு பெண், கடையின் நிறங்களிலேயே முக்காடு அணிந்துவந்தார். மேலதிகாரி ஒருவர் கடையைப் பார்வையிட்ட பின் 2010இல் நீக்கப்பட்டார். சரக்கறையும் அவரைக் காக்கவில்லை.

இங்குதான் 43ஆம் பத்தி பற்றிய நல்லெண்ண வாசிப்பு முற்றிலும் உடைகிறது. பின்னறை புகலிடமாக இருந்திருந்தால், பின்னறைக்குச் சென்றவர்கள் அங்கே நிலைத்திருக்க வேண்டும். ஜெர்மனியின் மியூலர் கடைத்தொடரில் 2002 முதல் விற்பனை உதவியாளராகவும் காசாளராகவும் இருந்த பெண் 2014 முதல் முக்காடு அணிந்தார். கழற்ற மறுத்தபோது, அதை அணிய அனுமதியுள்ள வேறு பணிக்கு மாற்றப்பட்டார். பத்தி சொல்லும் மாற்றுவழி நடைமுறையில் இருந்தது. 2016 ஜூனில் அங்கும் கழற்றச் சொல்லி, மறுத்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெல்ஜியத்தின் ஆன்ஸ் நகராட்சி வழக்கில் ஊழியர் பெரும்பாலும் பொதுமக்களைச் சந்திக்காத பணியிலேயே இருந்தார். 2023 நவம்பர் 28 தீர்ப்பு, பொதுமக்களைச் சந்திக்காதவர் உட்பட அனைவருக்கும் தடை விதித்து முழு நடுநிலைச் சூழலை உருவாக்கப் பொது நிர்வாகத்துக்கு இடமுண்டு என்றது. அது அரசு அலுவலகம், இது தனியார் நிறுவனம் என்ற மறுப்பை ஓரளவு ஏற்கிறேன். இருப்பினும் பார்வைத் தொடர்பு என்ற எல்லைக்கோடு ஆறே ஆண்டுகளில் நீதிமன்றத்தாலேயே அழிக்கப்பட்டதைக் காணாதிருக்க முடியாது.

கள ஆய்வும் இதையே சொல்கிறது. டோரிஸ் வைக்செல்பவுமர் ஜெர்மனியில் ஏறத்தாழ 1,500 வேலை விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்தார். தகுதிகள் ஒன்றே, ஒட்டிய புகைப்படத்தில் இருந்த பெண்ணும் ஒருவரே. ஜெர்மன் பெயருக்கு 18.8 விழுக்காடும், துருக்கியப் பெயருக்கு 13.5 விழுக்காடும், துருக்கியப் பெயரோடு முக்காடும் இருந்தபோது 4.2 விழுக்காடும் நேர்காணல் அழைப்புகள் வந்தன. பாகுபாடு மிகக் கடுமையாக இருந்தது தலைமைக் கணக்காளர் பதவிக்கு. வந்தவர் போனவர் கண்ணில் படும் செயலர் பதவியில் அது ஒப்பளவில் குறைவு. வாடிக்கையாளரின் பார்வைதான் காரணமென்றால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். வாடிக்கையாளரின் கண் என்பது நிறுவனம் தன் சொந்தத் தயக்கத்தை வைத்துப் பேசும் இடம் என்று நான் கருதுவதற்கு இதுவே வலுவான சான்று.

சிலுவைக்கும் கிப்பாவுக்கும் அதே விதி பொருந்துகிறதே என்பார்கள். சிலுவைச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளலாம். முக்காட்டை எங்கே மறைப்பது? ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் 2021 ஜூலை 15 தீர்ப்பு உண்மையான தேவையை நிரூபிக்கச் சொல்லி நிலையைச் சீர்செய்துவிட்டது என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. அதன் மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தேவைக்குச் சான்றாக வாடிக்கையாளரின், பிள்ளைகளை மழலையர் காப்பகத்தில் விடும் பெற்றோரின் விருப்பத்தையே அது ஏற்றுக்கொள்கிறது. பூக்னாவியில் முன்வாசலில் நிறுத்தப்பட்டவர் பின்வாசல் வழியாக வந்துவிட்டார்.

இனி விளம்பர ஆய்வுகளுக்கு. 2015இல் எச் அண்ட் எம் தன் விளம்பரப் படத்தில் மரியா இட்ரிஸியை முக்காட்டோடு காட்டியது. 2017இல் நைக்கி விளையாட்டு ஹிஜாபை அறிவித்தது. இவை உள்ளடக்குதலின் மைல்கற்களாக எண்ணப்பட்டன. 2019 பிப்ரவரியில் பிரான்ஸில் ஓட்டப் பயிற்சிக்கான ஹிஜாபை விற்க முனைந்த டெகாத்லான், அரசியல் எதிர்ப்பும் ஊழியர்களுக்கு மிரட்டலும் வந்ததும் பின்வாங்கியது. அந்த உருவங்களின் மதிப்பைக் குறைக்க நான் முயலவில்லை. தன்னைப் போன்ற ஒருத்தியைப் பெரிய திரையில் காணும் சிறுமிக்கு அது சிறிய செய்தி அல்ல. ஆனால் விளம்பரத்தில் முக்காடு எங்கே, எவ்வளவு காலம், எந்த ஒளியில் தெரிய வேண்டும் என்பதை நிறுவனம் முடிவுசெய்கிறது. வரவேற்பு மேசையில் அதை முடிவுசெய்பவள் அந்தப் பெண். ஐரோப்பிய நடுநிலைக் கொள்கை மறுப்பது இந்த இரண்டாவதை. படங்களை மட்டும் எண்ணும் ஆய்வுமுறைக்கு இந்த வேறுபாடு ஒருபோதும் புலப்படாது.

இந்தியாவில் தனியார் வேலைநியமனத்தில் மதப் பாகுபாட்டைத் தடுக்கும் விரிவான சட்டம் இல்லை. அரசமைப்பின் 16ஆம் பிரிவு அரசுப் பணிகளுக்கே உரியது. ஆகவே 43ஆம் பத்தி போன்ற ஆவணம் இங்கே எளிதில் உருவாகாது. மறுப்புகள் எழுத்தில் பதிவாகாமலே முடிந்துபோகின்றன. துணிக்கடை, நகைக்கடை, வங்கி விளம்பரங்களில் முஸ்லிம் பெண்ணின் படத்தை ஆராயும் தமிழ் ஆய்வாளர்கள், அதே கடையின் விற்பனை மேசையில் நிற்பவர் யார், சரக்கறையில் இருப்பவர் யார், நேர்காணலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் யார் என்பதையும் அந்தப் படத்தோடு சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.