அறுந்து அறுந்து ஒலித்த நாயனம்

என் தங்கையின் கல்யாணம் 1981-ல் காரைக்காலில் நடந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மாமா ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தார். முகூர்த்த நேரத்து நாயனத்தை அதில்தான் பிடித்து வைத்தோம். நாளடைவில் கேசட்டில் பூசணம் பிடித்தது. சில வருடங்களுக்கு முன் அதைக் கணினியில் ஏற்றிவிட்டு, இனி எதற்கு என்று கேசட்டைக் குப்பையில் போட்டுவிட்டேன். இந்தத் தை மாதம் புது லேப்டாப்பில் அதைப் போட்டுக் கேட்டால், தோடி ஆலாபனை நடுநடுவே அறுகிறது. ‘டிக்’ என்று ஒரு சத்தம், கண நேர மௌனம், மறுபடி நாயனம். அசல் போய்விட்டது, நகலும் கெட்டுவிட்டதோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கும்மிடிப்பூண்டியில் குடியிருப்பவன் முதலில் எதைச் சந்தேகிப்பான்? சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி வார்க்கும் மின் உலைகள் இருக்கின்றன. ராத்திரியில் வீட்டு விளக்கு கண் சிமிட்டினால் ‘உலையைப் போட்டுட்டான்’ என்பது எங்கள் தெருவில் வழக்கம். நானும் உலையின் மேலேயே பழியைப் போட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். அவர் சிரித்துக்கொண்டே, “சார், சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியிலயே போட்டு, ஹெட்போன் மாட்டிக் கேளுங்க. அப்பவும் அறுந்தா உலையைத் திட்டாதீங்க” என்றார். கேட்டேன். அப்போதும் அறுந்தது. உலை விடுதலை!

பாட்டு அறுபடுவது நம் வயதுக்காரர்களுக்குப் புதிதா என்ன? 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கம் 3 நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். கீறல் விழுந்தால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும். வானொலியில் வேறு மாதிரி. இலங்கை வானொலியைச் சிற்றலையில் கேட்டவர்களுக்குத் தெரியும், பல்லவி கிணற்றுக்குள் இறங்கி, சரணத்தில் மேலே ஏறி வரும். வானத்து மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் இரண்டு மூன்று வழியாக வந்து, ஒன்றை ஒன்று சில சமயம் கூட்டும், சில சமயம் கழிக்கும். அதனால் வந்த வினை அது. 1975-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்த பிறகு ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டையை எத்தனை முறை பார்த்திருப்போம்! வருத்தமாவது தெரிவித்தார்கள். கணினி அதுகூடச் செய்வதில்லை.

இந்தக் கோளாறுக்கு ‘டிராப்அவுட்’ என்ற பெயர் காந்த நாடாவோடு சேர்ந்து வழக்குக்கு வந்தது. நாடாவில் பூசிய துகள் ஓரிடத்தில் உதிர்ந்தாலோ தூசி ஒட்டினாலோ அந்த இடத்தில் ஒலி விழுந்துவிடும். பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் வெளியிட்ட கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். கணக்குப் போட்டால், 1 மில்லிமீட்டர் உதிர்ந்தால் நொடியில் 48-ல் ஒரு பங்கு போய்விடும். காது அதைக் கண்டுபிடித்துவிடும்.

1982-ல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து சிடியைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதுகிறார்கள், இடது காதுக்குத் தனியாக, வலது காதுக்குத் தனியாக. ஆக நொடிக்கு 1,76,400 பைட். தட்டில் கீறல் விழும் என்று தெரிந்தே, அடுத்தடுத்த எண்களைத் தள்ளித் தள்ளி வெவ்வேறு இடத்தில் எழுதி, சரிபார்க்கும் எண்களையும் சேர்த்துவைத்தார்கள். ஒரு கட்டு முழுவதும் தொலைந்துபோகாமல் இருக்க, கோப்பின் பக்கங்களைப் பல பீரோவில் பிரித்து வைத்தது போல. அப்படியும் ஓர் எண் தேறாவிட்டால், சிடி பிளேயர் முன்னுள்ள எண்ணையும் பின்னுள்ள எண்ணையும் பார்த்து நடுவில் உள்ளதை உத்தேசமாக நிரப்பிக்கொள்ளும். நமக்குத் தெரியாது.

கணினி விஷயம் வேறு. அது கணக்குப் பார்க்கப் பிறந்தது. சம்பளப் பட்டியலைப் போட அரை நொடி தாமதமானால் யாரும் கேட்கப்போவதில்லை. நாயனம் அரை நொடி காத்திருக்குமா? எம்பி3 என்ற பெயர் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக் கூடத்தில் முடிவானது 1995 ஜூலை 14-ல் (பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இந்தத் தேதி மறக்காது, அன்று எங்களுக்கு விடுமுறை, அணிவகுப்பு). அதே வருடம் ரியல்ஆடியோ வந்து, இணையத்தின் வழியே வானொலி போலக் கேட்கும் வழியைத் திறந்தது. ‘பஃபரிங்’ என்ற சொல் வீடுகளுக்குள் நுழைந்ததும் அதன் பிறகுதான்.

பஃபருக்குப் பிரெஞ்சில் ‘மெமுவார் தாம்போன்’ என்பார்கள். தாம்போன் என்றால் ரப்பர் ஸ்டாம்பு. ஓட்டையை அடைக்கும் அடைப்பானும் தாம்போன், ரயில் பெட்டிகள் இடித்துக்கொள்ளாமல் நடுவே அதிர்ச்சி தாங்கும் வட்டத் தகடும் தாம்போன். பணிக்காலம் முழுவதும் ரப்பர் ஸ்டாம்பு குத்தியவனுக்குக் கடைசிக் காலத்தில் தாம்போனாலேயே தொல்லை வந்தது என்று சிரித்துக்கொண்டேன்.

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பஃபர் என்றால் என்ன என்று நான் விளக்கவே வேண்டாம். நம் பூண்டி ஏரிதான் பஃபர். கொசஸ்தலையாற்றில் மழைக்காலத்தில்தான் வெள்ளம் வரும். சென்னைக்குத் தண்ணீர் தினமும் வேண்டும். நடுவில் தேக்கி வைத்து, வரத்து முன்பின் ஆனாலும் போக்கு அறாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏரியின் வேலை. சத்தியமூர்த்தி மேயராக இருந்து முயன்று தொடங்கிய வேலை 1944-ல் முடிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, முந்தின வருடமே காலமாகிவிட்டார். ஊத்துக்கோட்டை வழியாகக் கிருஷ்ணா நீர் வந்தது 1996-ல்.

கணினியிலும் இப்படி ஏரிகள் வரிசையாக உண்டு. பாட்டு போடும் மென்பொருளில் ஒரு பெரிய ஏரி, அதில் ஒன்றிரண்டு நொடிப் பாட்டு கிடக்கும். அதற்குக் கீழே விண்டோஸில் ஒரு சின்னத் தொட்டி, சாதாரணமாக 10 மில்லிநொடிக்கு ஒரு தரம் நிரப்பியாக வேண்டும். நான் செய்த முதல் காரியம், ஃபூபார்2000 மென்பொருளின் அமைப்பில் பெரிய ஏரியை இன்னும் பெரிதாக்கியது. ஒரு பயனும் இல்லை. பூண்டி நிரம்பி வழிந்தாலும் தெருக்குழாயில் காற்று வருமே, அந்தக் கதைதான்.

சின்னத் தொட்டியை நிரப்ப வேண்டிய ஆள் ஏன் வரவில்லை? இதற்கு 2007-ல் உலகமே கவனித்த ஒரு சம்பவம் உண்டு. மைக்ரோசாஃப்ட் அந்த வருடம் விண்டோஸ் விஸ்டாவை வெளியிட்டது. பாட்டு அறாமல் இருக்க, பாட்டு வேலைக்குத் தனி முன்னுரிமை தரும் ஏற்பாடு அதில் இருந்தது. ஆனால் பாட்டு ஓடும்போது நெட்வொர்க்கில் கோப்பு அனுப்பினால் நத்தை வேகத்தில் போகிறது என்று சிலர் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டார்கள். அந்த நிறுவனத்தின் மார்க் ருசினோவிச் விளக்கம் எழுதினார். நெட்வொர்க்கில் வரும் பொட்டலங்களை வாங்கிவைக்கும் அவசர வேலை எல்லா முன்னுரிமையையும் மீறி ப்ராசஸரைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் பாட்டு ஓடும் வரை மில்லிநொடிக்கு 10 பொட்டலம் என்று கட்டுப்படுத்தியிருக்கிறோம் என்றார். அளவு கொஞ்சம் அதிகக் கறார் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். எழுத்தர் தபால் பதிவேட்டை ஒழுங்காக எழுதிக்கொண்டிருப்பார். ‘உடனடி’ என்று சீட்டு ஒட்டிய கோப்பு வந்தால் பேனாவை வைத்துவிட்டு அதைப் பார்க்க வேண்டும். அந்தக் கோப்பைக் கொண்டுவந்தவர் சீக்கிரம் கிளம்பிவிட்டால் நஷ்டமில்லை. உட்கார்ந்து கதை பேசினால் தபால் தேங்கும்.

என் லேப்டாப்பில் கதை பேசியவர் வைஃபை ட்ரைவர். எலெக்ட்ரீஷியன் தம்பி லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, எந்த ட்ரைவர் எவ்வளவு நேரம் ப்ராசஸரைப் பிடித்துவைத்திருக்கிறது என்று காட்டினார். வைஃபையை அணைத்துவிட்டுப் போட்டேன். ஆலாபனை வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. ட்ரைவரைப் புதுப்பித்து, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் அமைப்பையும் மாற்றிய பிறகு வைஃபை ஓடும்போதும் அறவில்லை. செலவு, தம்பிக்கு இரண்டு டம்ளர் காபி.

ஒரு சோதனையை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும், உங்களுக்காகச் சொல்கிறேன். அதே பாட்டை இரண்டு முறை போட்டு, அறும் இடங்களின் நிமிடம் நொடியைத் தாளில் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் அறுந்தால் கோப்பு நலம், ஓட்டுவதில்தான் கோளாறு. அதே இடத்தில் அறுந்தால் ஓட்டை கோப்பிலேயே இருக்கிறது.

எல்லாம் சரியான பிறகு இந்தச் சோதனையைச் செய்தேன். என் கோப்பில் மூன்று இடங்கள் மட்டும் மாறாமல் அறுந்தன. கேசட்டிலிருந்து ஏற்றிய நாளில் பழைய கணினி செய்த வேலை அது. ஓட்டும்போது தொட்டி வற்றினால் பாட்டு அறும். பதிவு செய்யும்போது தொட்டி நிரம்பி வழிந்தால், வழிந்தது வழிந்ததுதான். அன்றைக்கு முழுவதும் ஒருமுறை உட்கார்ந்து கேட்டிருந்தால் கேசட்டை மறுபடி போட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

மூன்றில் இரண்டு ஆலாபனையில் வருகின்றன. மூன்றாவது முகூர்த்த நேரத்தில். எங்கள் அப்பா கையை உயர்த்தி “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று சத்தமிட்டது அந்தக் கேசட்டில் இருந்தது. அப்பாவின் குரல் வேறெந்த நாடாவிலும் இல்லை. இப்போது முதல் தடவை ‘கெட்டி’ வரைக்கும் கேட்கிறது, பிறகு ஒன்றுமில்லை, உடனே தவில் பொரிந்துகொண்டு வருகிறது.

தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், இப்படி ஓர் இடத்தில் அறுந்திருக்கிறது என்று சொல்லியே அனுப்பினேன். மறுநாள் போன் செய்தாள். “அண்ணா, மூணு தடவை கேட்டுட்டேன். அப்பா ரெண்டு வாட்டியும் கெட்டிமேளம்னுதானே சொல்றாரு, எங்க அறுந்திருக்கு?” என்றாள்.