மஞ்சள் அட்டைத் திட்டம்

மருந்துகளால் நேரும் பாதகமான விளைவுகளை மருத்துவர்கள் அரசுக்குத் தெரிவிப்பதற்காகப் பிரிட்டனில் 1964-இல் தொடங்கப்பட்ட முறை. இதற்கான படிவத்தின் நிறமே பெயரானது.

தோற்றம்

1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, தூக்கத்துக்கும் மசக்கைக்கும் தரப்பட்டது. கை கால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிறப்பதற்கு இம்மருந்தே காரணமாகலாம் என்று ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸும் ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடும் 1961-இல் எச்சரித்தனர். அதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர். மருத்துவர்கள் ஆங்காங்கே கண்டதை ஓரிடத்தில் சேர்க்க வழியில்லை என்பது அப்போது அம்பலமானது. பிரிட்டன் அரசு 1963-இல் சர் டெரிக் டன்லப் தலைமையில் மருந்துப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. மறு ஆண்டே மருத்துவர்களுக்கு அட்டைகள் அனுப்பப்பட்டன.

செயல்படும் முறை

நோயாளியின் வயது, சந்தேகத்துக்குரிய மருந்து, அதன் அளவு, தொடங்கிய நாள், நிறுத்திய நாள், உடன் உட்கொண்ட பிற மருந்துகள், கண்ட விளைவு ஆகியவற்றை மருத்துவர் எழுதுகிறார். மருந்துதான் காரணம் என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகமே போதும். ஓர் அட்டை எதையும் உறுதிசெய்யாது. ஒரே சந்தேகம் பல ஊர்களிலிருந்து வரும்போது ஆய்வு தொடங்கும். கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் அளவு கூடினால் இரத்தம் உறையும் ஆபத்தும் கூடுகிறது என்பது இப்படித்தான் புலப்பட்டது. 50 மைக்ரோகிராமுக்கு மிகாத மாத்திரைகளையே தருமாறு 1969-இல் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

பிராக்டலால்

திட்டத்தின் பலவீனத்தை வெளிக்காட்டியது 1970-இல் அறிமுகமான பிராக்டலால் என்ற இதய மருந்து. அதை உட்கொண்ட சிலருக்குக் கண் வறண்டு பார்வை கெட்டது. தோலில் தடிப்பு உண்டானது. சிலருக்கு வயிற்றின் உட்சவ்வு இறுகியது. கண் வறட்சியோடு வருபவரிடம் இதய மாத்திரையைப் பற்றிக் கேட்கப் பலருக்குத் தோன்றவில்லை. மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வெளியான பிறகே அட்டைகள் குவிந்தன. 1975-இல் மாத்திரை திரும்பப் பெறப்பட்டது.

தெரிவிக்கத் தயக்கம்

திட்டத்தை நடத்திய பில் இன்மன், மருத்துவர்கள் தெரிவிக்காமல் விடுவதற்கான காரணங்களைப் பட்டியலிட்டார்: சந்தையில் உள்ள மருந்து பாதுகாப்பானதே என்ற நம்பிக்கை, வழக்கு வருமோ என்ற பயம், தான் எழுதித் தந்த மருந்தால் கேடு வந்ததே என்ற குற்ற உணர்வு, வெறும் சந்தேகத்தை எழுதக் கூச்சம், எதைத் தெரிவிப்பது என்று தெரியாமை, அசட்டை, தாமே கட்டுரையாக வெளியிடும் ஆசை. பல நாடுகளின் 37 ஆய்வுகளைத் தொகுத்த 2006-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, பாதக விளைவுகளில் ஏறத்தாழ 94 விழுக்காடு பதிவாவதில்லை என்று மதிப்பிட்டது.

பரவல்

1968-இல் உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளுடன் பன்னாட்டுக் கண்காணிப்பைத் தொடங்கியது. 1978 முதல் அதன் தரவு மையம் ஸ்வீடனின் உப்சாலாவில் உள்ளது. பிரிட்டனில் செவிலியர், மருந்தாளுநர் ஆகியோருக்கும், 2005-இல் நோயாளிகளுக்கும் அட்டை திறந்துவிடப்பட்டது. இந்தியாவின் இன்றைய தேசியத் திட்டம் 2010-இல் டெல்லி எய்ம்ஸில் தொடங்கி, 2011-இல் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையத்துக்கு மாற்றப்பட்டது. மருத்துவக் கல்லூரிகளில் இயங்கும் மையங்கள் வழியே அறிக்கைகள் அங்கு சேர்கின்றன. நோயாளிகளும் நேரடியாகத் தெரிவிக்கலாம்.