விளிம்படித் தோட்டாவும் அணில் வேட்டையும்

விளிம்படித் தோட்டா என்பது, பித்தளைக் கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே தீமூட்டும் ரசாயனக் கலவை அடைக்கப்பட்டு, அவ்விளிம்பு துப்பாக்கியின் ஊசியால் நசுக்கப்படும்போது வெடிக்கும் சிறு தோட்டா ஆகும். அடியின் நடுவில் தனிக் கேப்புப் பொருத்தப்பட்ட பெரிய தோட்டாக்களினின்றும் இது வேறானது. அங்குலத்தில் நூற்றுக்கு 22 பங்கு குறுக்களவு கொண்டதனால் ‘பாயிண்ட் டூ டூ’ என்று நம் நாட்டில் வழங்கும் தோட்டாவே இவ்வினத்தில் மிகுதியாகப் பரவியது. அமெரிக்க நாட்டில் அணில், முயல் முதலிய சிறு பிராணிகளை வேட்டையாடுவதற்கு இது முக்கிய சாதனங்களுள் ஒன்றாக இருந்து வருகிறது.

அமைப்பு: ஊசி பட்டு நசுங்கவேண்டிய விளிம்பு மெல்லியதாக இருந்தாலன்றித் தோட்டா வெடிக்காதாகையால், கூடு முழுவதும் மெல்லிய தகட்டாலேயே செய்யப்படுகிறது. மெல்லிய கூடு பேரழுத்தத்தைத் தாங்காது; ஆகவே இன்று வழங்கும் இவ்வினத் தோட்டாக்கள் சிறியனவாகவும் மிதமான சக்தி உடையனவாகவுமே அமைந்துள்ளன. ஒரு முறை நசுங்கிய விளிம்பை மீண்டும் பயன்படுத்த இயலாமையால், பெரிய தோட்டாக்களைப் போல இவற்றை வீட்டில் திரும்ப நிரப்பிக்கொள்ளும் வழியில்லை. வேட்டைக்காரர் தமக்கு வேண்டிய குணத்தைக் கடையில் கிடைக்கும் வகைகளுள் தேர்ந்தே பெறவேண்டியவராகிறார்.

வரலாறு: பிரெஞ்சுக்காரரான பிளோபேர் என்பவர், தனி வெடிமருந்து இல்லாமல் தீமூட்டும் கலவையின் பலத்தாலேயே சிறு குண்டை உந்தும் தோட்டாவை 1845-இல் அமைத்தார். அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தார் 1857-இல் வெளியிட்ட ‘ஷார்ட்’ என்னும் குறுந்தோட்டாவும், 1871-இல் வந்த ‘லாங்’ தோட்டாவும், 1887-இல் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தார் உருவாக்கிய ‘லாங் ரைபிள்’ தோட்டாவும் படிப்படியாக எழுந்தன. இவற்றுள் கடைசியானதே இன்றளவும் உலகெங்கும் மிகுதியாக வழங்குகிறது. 1959-இல் அதிக சக்தி வாய்ந்த ‘மேக்னம்’ வகையும், 2002-இல் .17 அங்குலக் குறுக்களவுடைய அதிவேக வகையும் தோன்றின.

வேகமும் ஒலியும்: லாங் ரைபிள் தோட்டாவின் ஈயக் குண்டு சாதாரணமாக 40 கிரெயின், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ளது. சாதாரண வேக வகை வினாடிக்குச் சுமார் 326 மீட்டர் வேகத்திலும், உயர்வேக வகை சுமார் 380 மீட்டர் வேகத்திலும் குழலை விட்டுப் புறப்படும். ஒலியின் வேகத்தை மீறிச் செல்லும் குண்டு சாட்டையடி போன்ற ஓசையை எழுப்புவதோடு, வழியில் வேகம் தளர்ந்து ஒலியின் வேகத்திற்குக் கீழே இறங்கும் கட்டத்தில் சற்றே தடுமாறவும் கூடும். காற்றில் ஒலியின் வேகமோ வெப்பத்தைப் பொறுத்தது; 5 பாகை சென்டிகிரேடில் வினாடிக்கு 334 மீட்டராக இருப்பது, சோழமண்டலக் கடற்கரையிலுள்ள தரங்கம்பாடியின் 32 பாகை வெயிலில் 350 மீட்டராகிறது. ஆகையால், குளிர்நாட்டு விடியற்காலையில் ஒலியை மீறி ஓசையிடக்கூடிய 340 மீட்டர் வேகக் குண்டு, அக்கடற்கரையின் வெயிலில் ஒலிக்குப் பின்தங்கியே செல்லும்.

அணில் வேட்டையில் தேர்வு: அமெரிக்கச் சாம்பல் அணில் அரைக் கிலோ அளவினது; அதன் இறைச்சி உணவாகக் கொள்ளப்படுவது. எனவே அங்கே தோட்டாவைத் தேர்வதில் இரண்டு நோக்கங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன: பிராணி துன்புறாமல் உடனே உயிர்விடவேண்டும், இறைச்சியும் சிதையாமல் இருக்கவேண்டும். நுனியில் குழியுள்ள குண்டு உடலிற் பட்டதும் விரிந்து உடனே கொல்லும். ஆனால் பெரும்பகுதி இறைச்சியைக் கெடுத்துவிடும். குழியற்ற முழுக்குண்டு குறைவாகவே சிதைக்கும். ஆனால் உடலில் ஓரமாகப் பட்டால் காயமுற்ற அணில் பொந்துக்குள் புகுந்து வீணே மடியும். தலையைக் குறிபார்த்துச் சுடுவதே இம்முரண்பாட்டைத் தீர்க்கும் வழி என்பது அனுபவசாலிகளின் அபிப்பிராயம். தலையோ சிறிய இலக்கு. ஆகவே சக்தியை விட ஒழுங்கே முக்கியமாகி, ஒரே பெட்டியிலுள்ள தோட்டாக்கள் யாவும் ஒரே வேகத்தில் செல்வதே சிறந்த குணமாக மதிக்கப்படுகிறது. ஒரு துப்பாக்கிக்கு ஒத்த வகை மற்றொன்றிற்கு ஒவ்வாமற் போவது சகஜமாதலால், பல வகைகளை வாங்கி 25, 50 கஜ தூரங்களில் காகிதத்தில் சுட்டு, துளைகள் மிக நெருங்கி விழும் வகையைக் கொள்வது முறை. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் சில மெதுவான வகைகளால் இயங்கா என்பதும் கருதற்குரியது. மேக்னம், .17 வகைகள் அணிலின் இறைச்சிக்கு மிகையான சேதம் விளைவிப்பவை.

கழிமுக நாட்டின் நிலை: தஞ்சைக் கழிமுகத்தில் தென்னந்தோப்பிலும் வீட்டுக் கூரையிலும் ஓடித் திரிவது முதுகில் மூன்று கோடுகளையுடைய சிற்றணில்; உயிரின வகைப்பாட்டறிஞர் லின்னேயஸ் 1766-இல் இதற்கு அறிவியற் பெயரிட்டார். இதன் எடை நூறு கிராம் அளவே ஆகும். இத்துணைச் சிறிய பிராணிக்கு .22 தோட்டாவின் வலுக்குறைந்த வகையும் மிகையே. அதனினும் பெரிய தடை நிலத்தின் அமைப்பில் உள்ளது. சிறு தோட்டாவேயாயினும், அண்ணாந்து சுடப்பட்ட 40 கிரெயின் குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று விழ வல்லது. அமெரிக்கக் காட்டில் வேட்டைக்காரர் பருத்த அடிமரத்தையோ மண்மேட்டையோ குண்டுக்குப் பின்தடையாக வைத்துச் சுடுவர். காவிரியின் கடைமடையிலோ மேடில்லை. தென்னையின் உச்சியிலிருக்கும் அணிலுக்குப் பின்னால் வெறும் ஆகாயமே உள்ளது. அவ்வாகாயத்தின் அடியில் அடுத்த கிராமம் உள்ளது. தாழச் சுட்டால், நாற்று நட்ட வயலிலும் வாய்க்காலிலும் தேங்கிய நீர், சாய்ந்து வரும் ஈயக் குண்டை எகிறச் செய்து வேறு திசையில் அனுப்பும். தோட்டாவின் எத்தகைய தேர்வும் இக்குறையை ஈடுசெய்யாது.

இந்நாட்டில் சிறு வேட்டைக்கு அறியப்பட்ட துப்பாக்கி, நரிக்குறவர் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியாகும். அதில் கருமருந்தையும் ரவையையும் வாய்வழியே கெட்டிப்பர்; சிறு ரவைகள் பரந்து சென்று விரைவில் வேகமிழப்பதனால், ஒற்றைக் குண்டைப் போல அவை நெடுந்தூரம் செல்வதில்லை. பயிரை உண்ணும் கொறிப்பனவற்றுக்கு எதிராகவோ உழவர் துப்பாக்கியையே நாடவில்லை. மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு பூட்டி அமைத்த தஞ்சாவூர் எலிக்கிட்டியே அவர்கள் ஆயுதம். ஹெக்டேருக்கு 100 கிட்டிகள் வைக்குமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கிறது. ஒரு கிட்டி ஓர் எலியை மட்டுமே பிடிக்கும். அயலானுக்கு அபாயம் விளைப்பதில்லை.

சட்டமும் இன்றைய பயனும்: 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றே இத்தகைய துப்பாக்கியையும் தோட்டாவையும் வைத்திருக்கலாம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்திற்று. 1991-இன் திருத்தம் விளையாட்டு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தொல்லை தரும் பிராணிகளென்று, 2022-இன் திருத்தத்திற்கு முன் அச்சட்டத்தில் இருந்த ஐந்தாம் அட்டவணை எலி, சுண்டெலி, காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைக் குறித்ததேயன்றி அணிலைக் குறிக்கவில்லை. ஆதலால் இந்தியாவில் இத்தோட்டாவின் இடம் குறிசுடும் களமே ஆயிற்று. 1948-இல் ஏற்பட்ட தேசிய மாணவர் படையில் சேரும் கல்லூரி மாணவர் .22 ரைபிளில் இதனைச் சுட்டுப் பழகுகின்றனர். இச்சாபூர் துப்பாக்கித் தொழிற்சாலையும் அவ்வளவுடைய ரைபிளைச் செய்து வந்துள்ளது. 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் விஜய்குமார் 25 மீட்டர் கைத்துப்பாக்கியில் பெற்ற வெள்ளிப் பதக்கமும், 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிளில் பெற்ற வெண்கலப் பதக்கமும் லாங் ரைபிள் தோட்டாவால் வெல்லப்பட்டவை. அணிலின் தலையைக் குறிபார்ப்பவர் நாடிய ஒரே சீரான வேகத்தையே இப்போட்டியாளரும் நாடுகின்றனர். மெதுவான முழுக்குண்டு வகையையே தேர்ந்து, பெட்டி பெட்டியாகச் சோதித்துத் தம் குழலுக்கு ஒத்ததைச் சேமிக்கின்றனர். அவர்களுடைய களத்தின் முடிவில் குண்டைத் தடுக்கும் சுவர் எழுப்பப்பட்டிருக்கிறது.