ஈப்போ அழகு ராணி முதல் ஆஸ்கார் மேடை வரை: டான்ஸ்ரீ மிஷல் இயோ

ஈப்போவிலிருந்து வெளியூர் செல்ல ஸ்ரீ மாஜு பேருந்தில் ஏறியவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்தப் பேருந்து நிறுவனத்தைத் தோற்றுவித்த வழக்கறிஞர் இயோ கியான் டெய்க்கின் மகள்தான், இன்று உலகமே அறிந்த நடிகை டான்ஸ்ரீ மிஷல் இயோ. அழகு ராணியாகத் தொடங்கி, தொலைக்காட்சி விளம்பரம், ஹாங்காங் சண்டைப் படங்கள், ஹாலிவுட், தொலைக்காட்சித் தொடர்கள் எனச் சுமார் 40 ஆண்டுகள் பயணம் செய்தவர் அவர். அந்தப் பயணம் பலமுறை நின்றுபோகும் நிலைக்கு வந்திருக்கிறது.

ஆசைப்பட்டது நடனம்

மிஷல் இயோ 1962 ஆகஸ்டு 6ஆம் நாள் ஈப்போவில் பிறந்தார். இயற்பெயர் இயோ சூ கெங். தந்தை ம.சீ.ச.வைச் சேர்ந்தவர், மேலவை உறுப்பினராகவும் இருந்தவர். வீட்டில் ஆங்கிலமும் மலாயும் பேசி வளர்ந்த மிஷல், ஈப்போ கான்வென்ட் பள்ளியில் படித்தார்.

சிறு வயதிலிருந்தே அவருக்கு பாலே நடனத்தில்தான் ஆசை. நடிகையாக வேண்டும் என்ற எண்ணமே இல்லை. பதின்ம வயதில் இங்கிலாந்து சென்று, லண்டனில் உள்ள ராயல் அகாடமி ஆஃப் டான்ஸில் சேர்ந்தார். அங்கே முதுகுத்தண்டில் ஏற்பட்ட காயம் அவரது கனவைக் கலைத்தது. மேடையில் முழுநேர பாலே கலைஞராக ஆட முடியாது என்ற நிலையில், நடனத்தோடு நாடகமும் சேர்ந்த கலைப் படிப்பை முடித்துக்கொண்டு நாடு திரும்பினார்.

அம்மா அனுப்பிய விண்ணப்பம்

1983இல் மிஸ் மலேசியா வோர்ல்டு போட்டி நடந்தது. மகளிடம் சொல்லாமலேயே தாயார் ஜேனட் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார். அம்மாவின் நச்சரிப்பு ஓய்ந்தால் போதும் என்றுதான் போட்டிக்குப் போனதாக மிஷல் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் மகுடம் அவருக்கே கிடைத்தது. அதே ஆண்டு லண்டனில் நடந்த உலக அழகிப் போட்டியில் மலேசியாவின் சார்பில் கலந்துகொண்டார். அங்கே பட்டம் கிடைக்கவில்லை. 1984இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் நடந்த மூம்பா திருவிழாவில் அவருக்கு இன்னொரு மகுடம் கிடைத்தது.

அழகு ராணிப் பட்டம் ஒரு கதவைத் திறந்தது. ஹாங்காங்கில் ஒரு கைக்கடிகாரத் தொலைக்காட்சி விளம்பரத்தில் நடிக்க அழைப்பு வந்தது. உடன் நடிப்பவர் பெயர் சிங் லோங் என்றார்கள். அது ஜாக்கி சானின் சீனப் பெயர் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த விளம்பரத்தைத் தொடர்ந்து டி அண்ட் பி திரைப்பட நிறுவனம் அவருக்கு வாய்ப்பளித்தது.

டூப் இல்லாத சண்டைகள்

1984இல் வெளிவந்த முதல் படத்தில் அவருக்குச் சாதுவான பெண் வேடம். பக்கத்தில் நடந்த சண்டைக் காட்சிகளைப் பார்த்தவருக்கு, இதுவும் நடனம் போன்றதுதானே, நம்மாலும் முடியும் என்று தோன்றியது. தற்காப்புக் கலை எதையும் முறையாகக் கற்றவர் அல்லர். சண்டைக் கலைஞர்களோடு சேர்ந்து பயிற்சி எடுத்தார். 1985இல் வெளிவந்த 'யெஸ், மேடம்' படத்தில் அதிகாரி வேடத்தில் அடிதடியில் இறங்கினார். பாலே தந்த உடல் வளைவும் கட்டுப்பாடும் அவருக்குக் கைகொடுத்தன.

1988இல் திரைப்படத் தயாரிப்பாளரும் தொழிலதிபருமான டிக்சன் பூனை மணந்து திரையுலகிலிருந்து விலகினார். 1992இல் மணமுறிவு ஏற்பட்டது. தமக்குக் குழந்தைப் பேறு இல்லாததே பிரிவுக்கு முக்கியக் காரணம் என்று அவர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். நம் சமூகத்திலும் பல பெண்கள் வாய்திறந்து சொல்ல முடியாமல் சுமக்கும் வேதனை அது. பிரிந்த பின்னும் அந்தக் குடும்பத்தோடு நட்பைத் தொடர்ந்தார்.

அதே 1992இல் ஜாக்கி சானுடன் 'போலீஸ் ஸ்டோரி 3' படத்தில் மீண்டும் தோன்றினார். அதில் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டே ஓடும் ரயிலின் மீது பாயும் காட்சியில் டூப் இல்லாமல் அவரே நடித்தார். படத்தின் இறுதிப் பகுதி கோலாலம்பூரில் எடுக்கப்பட்டது என்பது நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி.

1996இல் ஒரு படப்பிடிப்பில் உயரத்திலிருந்து குதித்தபோது முதுகில் பலத்த அடி. திரைத் தொழிலையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு அது கடுமையாக இருந்தது. ஆனால் மறு ஆண்டே ஜேம்ஸ் பாண்டு படமான 'டுமாரோ நெவர் டைஸ்' அவரை உலக ரசிகர்களிடம் கொண்டு சேர்த்தது. 2000இல் வெளிவந்த 'கிரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தின்போது முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மாண்டரின் சரளமாகத் தெரியாததால், வசனங்களை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார். அந்தப் படம் 4 ஆஸ்கார் விருதுகளை வென்றது.

சின்னத்திரையில் கேப்டன்

சினிமாவில் நடுத்தர வயதுப் பெண்களுக்கு நல்ல வேடங்கள் குறைவு. அந்தக் காலத்தில் தொலைக்காட்சித் தொடர்கள் அவருக்குப் புது இடம் கொடுத்தன. 2017இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்: டிஸ்கவரி' தொடரில் விண்கலத்தின் கேப்டன் பிலிப்பா ஜார்ஜியூவாக நடித்தார். அந்தப் பாத்திரம் மலேசியாவைச் சேர்ந்தவர். மிஷலும் தமது மலேசிய உச்சரிப்பை மாற்றாமலேயே பேசினார். தொடக்கத்திலேயே இறந்துவிடும் கேப்டன், வேறோர் உலகத்துப் பேரரசியாகத் திரும்பி வந்தார். 2025இல் அந்தப் பாத்திரத்தை மையமாக வைத்துத் தனிப் படமே வெளிவந்தது. இடையில் 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்', 'தி பிரதர்ஸ் சன்' ஆகிய தொடர்களிலும் நடித்தார்.

60 வயதில் உச்சம்

2022இல் வெளிவந்த 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்தில் அவருக்கு, அமெரிக்காவில் டோபிக் கடை நடத்தி வரி அலுவலகத்திடம் மாட்டிக்கொள்ளும் குடியேறிய தாயின் வேடம். முதலில் ஜாக்கி சானை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கதை அது. 2023 மார்ச் மாதம் அப்படம் 7 ஆஸ்கார் விருதுகளை அள்ளியது. சிறந்த நடிகைக்கான விருது மிஷலுக்கு. அந்தப் பிரிவில் வென்ற முதல் ஆசியப் பெண் அவரே. அப்போது அவருக்கு வயது 60. உங்கள் காலம் முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் என்று மேடையில் பெண்களைக் கேட்டுக்கொண்டார். கோலாலம்பூரில் உறவினர்களோடு நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த 84 வயதுத் தாயாருக்கு விருதைச் சமர்ப்பித்தார்.

2001இல் டத்தோ பட்டமும் 2013இல் டான்ஸ்ரீ விருதும் பெற்றவர். 2016 முதல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நல்லெண்ணத் தூதர். 2023இல் அனைத்துலக ஒலிம்பிக் மன்ற உறுப்பினராகத் தேர்வு பெற்றார். அதே ஆண்டு ஜூலையில், நீண்டகாலத் துணைவர் ஜான் டோட்டைத் திருமணம் செய்துகொண்டார்.

நடனக் கனவு கலைந்தது 20 வயதுக்கு முன். குடும்ப வாழ்க்கை உடைந்தது 30இல். முதுகில் அடிபட்டது 34இல். உச்ச விருது வந்தது 60இல். இளம் வயதில் சூடிய மகுடம் அவருக்கு ஒரு விளம்பர வாய்ப்பைத் தந்தது. மீதி அனைத்தையும் அவர் அடிபட்டு, எழுந்து, மீண்டும் பயிற்சி செய்து சம்பாதித்தார். வாய்ப்பு தாமதமாகிவிட்டதே என்று கவலைப்படும் பிள்ளைகளிடம் சொல்வதற்கு, நம் ஈப்போவிலேயே ஒரு கதை இருக்கிறது.